உறைநிரலின் முறிவும் விடுபட்ட பக்கமும்: தமிழ் எழுத்துணரி ஆய்வுகளில் வழு காணும் முறை

ஆய்வுச் சுருக்கம்

அச்சுநூல்களின் படிமங்களிலிருந்து தமிழ் உரையைப் பெறுவதற்கு டெசராக்ட் எழுத்துணரியைப் பைத்தான் மொழிவழியே இயக்குவது தமிழ்த்துறை ஆய்வுகளிலும் வழக்கமாகி வருகிறது. சி++ மொழியில் அமைந்த அந்நிரல் நூலகத்தைப் பைத்தானுக்கு எடுத்துத் தரும் உறைநிரல் இடையில் முறிந்துவிடும்போது, அதனைத் தமிழ் எழுத்தின் சிக்கலாகக் கருதுவதும், முறிந்த பக்கத்தைக் கணக்கிற் சேர்க்காது விடுவதும் நிகழ்கின்றன. முறிவின் காரணம் பெரும்பாலும் இரு நிரல்மொழிகள் சந்திக்கும் இடத்தில் உள்ளது என்பதையும், அதனை ஆராயாமல் விடுவது உரைத்தொகுப்பின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: எழுத்துணரி, உறைநிரல், முறிவு, வழு, வழுவமைதி, வட்டார அமைவு, யுனிகோடு, உரைத்தொகுப்பு.

முன்னுரை

சேலம், நாமக்கல் பகுதிகளின் இலக்கிய வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு நூல் கிடைத்தும் அதனுள் தேட இயலாத நிலை பெருந்தடையாக உள்ளது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் (1888-1972) நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அவற்றுட் பலவற்றைப் படிம வடிவில் இணையத்தில் காணலாம். எனினும் படிமம் கணினிக்கு வெறும் ஓவியமே. கவிஞர் ஒரு சொல்லை எங்கெங்கு ஆண்டுள்ளார், அவருடைய உரைநடையில் வட்டார வழக்கு எவ்வளவு கலந்துள்ளது என்று வினவ வேண்டுமாயின் படிமம் உரையாக மாறியாக வேண்டும். 1998 முதல் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பெரும்பாலும் கையால் தட்டெழுதிச் செய்துவந்த இப்பணியை இன்று எழுத்துணரியிடம் ஒப்படைக்கிறோம்.

எழுத்துணரி தவறும் விதம் இரண்டு. ஒன்று, எழுத்தை மாற்றிப் படித்தல். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முற்பட்ட அச்சில் லை, ணை முதலியவை கொம்பு வளைந்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அவ்வாறே. இவ்வடிவங்களில் எழுத்துணரி தடுமாறுவதை ஆய்வாளர் பலரும் குறித்துள்ளனர். மற்றொன்று, படிக்காமலே நின்றுபோதல். திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்னும் ஒற்றை வரி தோன்றும். பைத்தான் நிரல் முழுவதும் மறைந்துவிடும். முதல்வகைத் தவறு கட்டுரைகளில் விழுக்காடாகப் பதிவாகிறது. இரண்டாம் வகைக்கு அட்டவணையில் இடமே இல்லை. இக்கட்டுரையின் பொருள் அவ்விரண்டாம் வகை.

உறைநிரல் என்னும் மொழிபெயர்ப்பு

டெசராக்ட் 1985-1994 காலப்பகுதியில் ஹெவ்லட்-பேக்கார்டு நிறுவனத்தின் ஆய்வகங்களில் உருவானது. 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, 2006 முதல் கூகுள் நிறுவன ஆதரவில் வளர்ந்தது. நரம்பியல் வலைப்பின்னலை அடிப்படையாகக் கொண்ட 4.0 பதிப்பு 2018 அக்டோபரில் வெளிவந்தது. நூலகம் முழுவதும் சி++ மொழியில் உள்ளது. அதனைத் தொகுப்பி எந்திர மொழிக்கு மாற்றிவைக்கிறது. ஆய்வு மாணவரோ பைத்தானில் எழுதுகிறார். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது உறைநிரல்.

பைத்தானுக்கு இரு உறைநிரல்கள் பெருவழக்கில் உள்ளன. பைடெசராக்ட் என்பது படிமத்தை ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, டெசராக்ட் கட்டளையைத் தனி நிரலோட்டமாக இயக்கி, அது எழுதிய விடையை எடுத்து வருகிறது. டெசர்-ஓ.சி.ஆர். என்பதோ நூலகத்தையே பைத்தானின் நினைவகத்துக்குள் அழைத்து அதனுடன் நேரே உரையாடுகிறது. (இதனை ஆக்கப் பயன்படும் கருவியின் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்தால் 'சைத்தான்' என்றாகிறது, அதனுடன் மல்லாடியவர்கள் ஒலிபெயர்ப்பிற் குறைகாண மாட்டார்கள்.) ஒவ்வொரு பக்கத்துக்கும் நூலகத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டாமையால் இரண்டாவது விரைவானது, சொல் வாரியாக, எழுத்து வாரியாக விடைகளை நடந்து பார்க்கவும் இடம் தருவது. ஆயினும் உள்ளே அழைக்கப்பட்ட விருந்தினர் மயங்கி விழுந்தால் வீடே விழும். பைத்தானின் 'டிரை' தொடர் பைத்தான் எழுப்பும் பிழைகளை மட்டுமே பிடிக்கும். இயங்குதளம் நிரலைக் கொல்லும்போது பிடிப்பதற்கு யாரும் எஞ்சுவதில்லை.

உறைநிரலை ஒரு மொழிபெயர்ப்பாகக் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது. சி++ மொழியில் ஒரு செயற்கூறின் பெயரும் அது பெறும் உள்ளீடுகளும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்; உறைநிரல் அவற்றைக் குறைவின்றிப் பெயர்த்துவிடும். எழுதப்படாமல் புரிந்துகொள்ளப்பட்டவை வேறு: இந்த நினைவகத்தை யார் விடுவிப்பது, இந்தப் பொருள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும், இந்த நீளம் எந்த அலகில் அளக்கப்பட்டது, இந்தச் செயற்கூறு எத்தகைய சூழலை எதிர்பார்க்கிறது. மூலநூலின் தொனியை அறியாத மொழிபெயர்ப்பாளர் சொற்களை மட்டும் பெயர்ப்பது போல, உறைநிரல் இவற்றைத் தவறவிடும் இடங்களில்தான் முறிவு பிறக்கிறது.

'சி' என்னும் வட்டாரம்

சூழலைத் தவறவிட்டதற்கு டெசராக்ட் 4.0.0 பதிப்பைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அப்பதிப்பைப் பைத்தானுக்குள் அழைத்தவர் பலர் ஒரே செய்தியைக் கண்டனர்: பேஸ்-ஏ.பி.ஐ. என்னும் கோப்பின் குறிப்பிட்ட வரியில், வட்டார அமைவு 'சி' ஆக இருக்க வேண்டும் என்ற உறுதிமொழி தோற்றது என்று அது அறிவிக்கும். உடனே நிரல் முறியும்.

'லொக்கேல்' எனப்படும் வட்டார அமைவு, எண்களையும் நாள்களையும் எழுத்துகளையும் எந்நாட்டு வழக்கப்படி கையாள வேண்டும் என்று நிரலுக்குச் சொல்வது. செருமனி முதலிய நாடுகளில் பதின்மக் குறியாகப் புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளி இடுவர். அந்நாட்டு அமைவில் இயங்கும் சி++ நிரல் 0.5 என்னும் எண்ணைக் கோப்பிலிருந்து படிக்கும்போது புள்ளியோடு நின்றுவிட்டு அதனைச் சுழியமாகக் கொள்ளக்கூடும். எழுத்துணரியின் பயிற்சித் தரவுகளிலும் அமைவுகளிலும் இத்தகைய எண்கள் உள்ளன. எண் தவறினால் விடை பிழைபடும், பிழைபட்டதும் தெரியவராது. இதனைத் தடுக்கவே நூலகத்தின் ஆக்குநர்கள், எந்நாட்டையும் சாராத 'சி' அமைவு இல்லையெனில் இயங்க மறுக்கும் சோதனையை வைத்தனர். பிழையான விடையை அமைதியாகத் தருவதினும் உரக்கக் கத்தி நிற்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் சரியானது. அதற்காக அழைத்தவரின் நிரலையே கொன்றது முறையன்று. பிழையைத் திருப்பித் தந்திருந்தால் உறைநிரல் அதனைப் பைத்தான் பிழையாக்கி, காரணத்தையும் சொல்லியிருக்கும்.

இச்சோதனை தமிழ் ஆய்வாளரை எவ்வாறு திசைதிருப்பியது என்பது நுணுகி நோக்கத்தக்கது. சி, சி++ மொழிகளில் எழுதிய நிரல் தொடங்கும்போது 'சி' அமைவிலேயே தொடங்கும். தானாக மாற்றிக்கொண்டாலன்றி மாறாது. ஆகவே டெசராக்டைக் கட்டளைவரியில் இயக்கினால் சிக்கல் இல்லை. பைத்தான் 3 அவ்வாறன்று; தொடங்கியதும் எழுத்துவகை தொடர்பான அமைவைப் பயனரின் சூழலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே கட்டளைவரியில் ஓடிய அதே எழுத்துணரி பைத்தானுக்குள் முறிகிறது. பைடெசராக்டு வழியே ஓடுகிறது, டெசர்-ஓ.சி.ஆர். வழியே முறிகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். கணினியைத் தமிழ் இடைமுகத்துக்கு மாற்றி வைத்திருப்பவர் இம்முறிவைக் கண்டதும் தமிழ் அமைவையோ தமிழ்ப் பயிற்சித் தரவையோ ஐயுறுவது இயல்பு. ஆனால் முறிவு நிகழ்வது நூலகத்தின் முதன்மைப் பொருள் உருவாகும் கணத்தில். அப்போது ஒரு படிமத்தையும் அது திறந்திருக்காது, ஒரு தமிழ் எழுத்தையும் பார்த்திருக்காது. ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருந்தாலும் அவ்வாறே முறிந்திருக்கும். அச்சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. இந்தியத் தமிழ் அமைவில் பதின்மக் குறி புள்ளியே. சோதனை எந்த எண்பிழைக்கு அஞ்சி வைக்கப்பட்டதோ அப்பிழை தமிழ் அமைவில் நேரவே வழியில்லை. ஆயினும் 'சி' என்ற பெயர் இல்லாத எல்லா அமைவுகளையும் அது ஒருசேர விலக்கியது.

இம்முறிவுக்குப் பயனர்களிடையே பரவிய மாற்றுவழி, எழுத்துணரியை அழைக்கும் முன் பைத்தானின் வட்டார அமைவை 'சி' என்று மாற்றிவிடுவது. முறிவு நின்றது. தமிழுக்கு மட்டும் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. 'சி' அமைவின் எழுத்துக் குறியாக்கம் ஆஸ்கி. விடையைக் கோப்பில் எழுதும்போது யு.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடாத நிரல், அந்த ஆஸ்கியையே எடுத்துக்கொண்டு, முதல் தமிழ் எழுத்திலேயே குறியாக்கப் பிழை எழுப்பியது. ஆங்கில உரைக்கு இப்பிழை எழாது. மாற்றுவழியைப் பின்பற்றிய தமிழ் மாணவர், முதலில் தவறாகக் கொண்ட முடிவுக்கு இப்போது சான்றும் கிடைத்துவிட்டதாக நம்பியிருப்பார்.

2019 ஜூலையில் வந்த 4.1.0 பதிப்பில் எண் படிக்கும் பகுதிகள் வட்டார அமைவைச் சாராதவாறு திருத்தப்பட்டு, சோதனை நீங்கியது. எனினும் அதே மாதம் வெளியான டெபியன் 10 தன் தொகுப்பில் 4.0.0 பதிப்பையே கொண்டிருந்தது. ஒருமுறை நிறுவிய கணினியை ஆண்டுக்கணக்கில் மாற்றாத நம் கல்லூரி ஆய்வகச் சூழலில், திருத்தம் வெளியான நாளும் அது மேசைக்கு வந்து சேரும் நாளும் வெவ்வேறு. கட்டுரையில் நூலகத்தின் பதிப்பெண்ணையும் உறைநிரலின் பதிப்பெண்ணையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். 'பைத்தான் மொழியைப் பயன்படுத்தி' என்ற தொடர் எதையும் தெரிவிப்பதில்லை.

சேலம் என்னும் சொல்லின் நீளம்

மேற்கண்ட முறிவுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. இனிக் காண்பதற்குத் தொடர்பு உண்டு. ஆயினும் அது தமிழின் குற்றமன்று.

ஆங்கிலத்தில் 'சேலம்' என்ற ஊர்ப்பெயருக்கு 5 எழுத்து. யுனிகோடில் 5 குறியெண். யு.டி.எஃப்-8 முறையில் 5 பைட்டு. மூன்று அளவுகளும் ஒன்றே. தமிழில் எழுதினால் சே, ல, ம் என 3 எழுத்து. உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 5 குறியெண். ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட்டாக 15 பைட்டு. நாமக்கல் என்பது 5 எழுத்து, 8 குறியெண், 24 பைட்டு. பைத்தானிடம் நீளம் கேட்டால் குறியெண்ணைச் சொல்லும். சி மொழி நூலகம் எதிர்பார்ப்பது பைட்டை. இலக்கணம் கற்றவர் மனத்தில் இருப்பதோ எழுத்து. ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள் உள்ளன என்பதை ஆங்கில உரையைக் கொண்டு மட்டும் சோதித்த உறைநிரல் ஒருநாளும் கண்டறியாது.

எழுத்துணரியின் விடையைச் சொற்பகுப்பி, சொற்பிழை திருத்தி போன்ற சி நூலகங்களுக்கு அனுப்பும்போது ஆய்வாளர்கள் தாமே சிறு உறைநிரல் எழுதிக்கொள்வதுண்டு. அங்கு நீளம் தவறுவது இருவிதம். சொல்லைக் கொடுக்கும்போது 15 என்பதற்கு 5 என்று கொடுத்தால், நூலகம் 'ச' என்ற குறியெண்ணையும் அடுத்த குறியெண்ணின் முதல் இரு பைட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட அவ்விரு பைட்டுகள் திரும்பி வரும்போது பைத்தான் குறிவிலக்கப் பிழை எழுப்பும். இது நல்லூழ், பிழை பிறந்த இடத்திலேயே பிடிபட்டது. விடையைப் பெறுவதற்கு 5 பைட்டு இடம் ஒதுக்கி, நூலகம் அதில் 15 பைட்டு எழுதுமாயின் நிலைமை வேறு. மிகுந்த 10 பைட்டும் பக்கத்திலுள்ள யாருடைய நினைவகத்திலோ எழுதப்படும். அக்கணத்தில் எதுவும் முறியாது. அவ்விடத்தின் உரிமையாளர் தம் பொருளைத் தேடிவரும்போது முறியும். அது அடுத்த சொல்லிலாகலாம், நாற்பது பக்கம் கழித்தும் ஆகலாம்.

இயல்பாக்கம் இதனை இன்னும் நுட்பமாக்குகிறது. கொல்லிமலை என்னும் சொல்லில் கொ என்பதன் குறி ஒரே குறியெண்ணாகவும் எழுதப்படலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் எழுதப்படலாம். முதல் முறையில் சொல் 9 குறியெண், 27 பைட்டு; இரண்டாவதில் 10 குறியெண், 30 பைட்டு. திரையில் வேறுபாடு தெரியாது. இயல்பாக்கும் முன் அளந்து, இயல்பாக்கிய பின் எழுதும் நிரல் மூன்று பைட்டு எல்லை தாண்டும். ஒகர ஓகார ஔகாரக் குறிகள் வராத சொற்களில் இது நேராது. ஆகவே சில பக்கங்களில் நேரும், சிலவற்றில் நேராது. ஒரு குறிப்பிட்ட நூலின் அச்சு கெட்டது என்று ஆய்வாளர் முடிவுகட்டுவதற்கு இத்தகைய ஒழுங்கற்ற தோற்றமே போதுமானது.

எல்லா எழுத்துக்கும் ஒரே அளவிலான 16 துண்மி இடம் தரும் டேஸ்-16 குறியாக்கத்தைத் தமிழக அரசு 2010இல் யுனிகோடுடன் சேர்த்து ஏற்றபோது, அதற்கு ஆதரவாக இத்தகைய கணக்கு எளிமையும் பேசப்பட்டது. அவ்விவாதத்துள் இங்குப் புகவில்லை. குறியாக்கம் எதுவாயினும் எந்த அலகில் அளக்கிறோம் என்று சொல்லாத உறைநிரல் முறியும்.

உடைமையும் ஆயுளும்

எஞ்சிய இரண்டும் எல்லா மொழியினருக்கும் பொதுவானவை, சுருக்கமாகச் சொல்லலாம்.

டெசராக்டின் விடைகளைச் சொல் சொல்லாக நடத்திக்காட்டும் சுட்டுப்பொருள் ஒன்று உண்டு. அது தனக்கென்று எதையும் வைத்திருப்பதில்லை. முதன்மைப் பொருளின் உள்ளே இருப்பதைச் சுட்டுவதோடு சரி. முதன்மைப் பொருள் மூடப்பட்டாலோ அதற்கு அடுத்த படிமம் கொடுக்கப்பட்டாலோ சுட்டுப்பொருள் செல்லாது என்று நூலகத்தின் தலைப்புக் கோப்பிலேயே எச்சரிக்கை உள்ளது. பைத்தானில் பழகியவர், ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கும்வரை அது உயிரோடிருக்கும் என்று நம்புகிறார். பைத்தானின் ஒப்பந்தம் அது. 'வித்' தொகுதி முடிந்தபின்னும் அச்சுட்டுப்பொருளை அவர் அணுகுகிறார். குடிபெயர்ந்தவர் வீட்டுக் கதவைத் தட்டும் கதை.

சி-டைப்ஸ் என்னும் பைத்தான் கருவியைக் கொண்டு தாமே உறைநிரல் எழுதுவோர் விழும் பள்ளம் ஒன்றும் உண்டு. ஒரு செயற்கூறு எவ்வகை விடை தரும் என்று சொல்லாவிட்டால் அக்கருவி அதனை முழு எண்ணாகவே கொள்ளும். 64 துண்மிக் கணினியில் சுட்டியின் நீளம் 64 துண்மி; முழு எண்ணுக்கு 32. சுட்டியின் மேற்பாதி வெட்டுண்டு போகும். ஒரு வரி அறிவிப்பால் தீரக்கூடிய இவ்வழுவுக்கு நூலகத்தையே மாற்றிப் பார்த்தவர்களை அறிவேன்.

வழுவும் வழுவமைதியும்

கட்டற்ற மென்பொருள் உலகின் தமிழர்கள் நிரற்பிழைக்கு 'வழு' என்னும் இலக்கணச் சொல்லை ஆண்டது பொருத்தமான தேர்வு. நன்னூல் வழுவை ஏழாகப் பகுக்கிறது. அத்துடன் வழுவமைதி என்னும் கருத்தையும் அது கொண்டுள்ளது. வழுவாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவை உவகையால் அம்மை என்பது திணை வழு. உவகை என்னும் காரணம் கூறப்படுவதால் அது அமைகிறது. காரணம் கூறாமல் வழுவை அமைத்துக்கொள்ள இலக்கணத்தில் இடமில்லை.

நிரலுலகின் மாற்றுவழிகள் வழுவமைதி போன்றவை. வட்டார அமைவை 'சி' என மாற்றுவது, நூலகத்தின் எண்படிப்பு அவ்வமைவைச் சார்ந்திருந்தது என்னும் காரணத்தால் அமைந்தது, காரணம் 4.1.0 பதிப்பில் நீங்கியபின் அமைதியும் நீங்க வேண்டும். காரணத்தை அறியாமல் அவ்வரியைப் படியெடுத்தவர் இன்றும் அதனைச் சுமந்துகொண்டு, கோப்பெழுதும்போது வரும் ஆஸ்கிப் பிழையையும் சேர்த்துச் சுமக்கிறார். தமிழ்க் கணினியியல் கட்டுரைகளில் காணும் குறை இதுவே என்பது என் கணிப்பு: மாற்றுவழி சொல்லப்படுகிறது, காரணம் சொல்லப்படுவதில்லை.

காரணம் காண்பது தமிழ்த்துறை மாணவருக்கு எட்டாத வேலையன்று. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் ஃபால்ட்ஹேண்ட்லர் என்னும் கூறு உடனிருக்கிறது. அதனை இயக்கிவிட்டால், நிரல் முறியும் தறுவாயில் பைத்தானின் எந்த வரி நூலகத்தை அழைத்துக்கொண்டிருந்தது என்பதைத் திரையில் எழுதிவிட்டு விழும். அதற்கப்பால் சி++ பக்கத்தில் எந்தச் செயற்கூறில் விழுந்தது என்பதை ஜி.டி.பி. காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: டெசராக்டின் உறுதிமொழிகள் தோற்கும்போது நேரும் முறிவு, நூலகம் தானே வேண்டுமென்று செய்துகொள்வது, அடுக்குத்தடம் தெளிவாகக் கிடைக்கும் பொருட்டுச் சில பதிப்புகளில் வெற்று முகவரியை அணுகிச் செக்மென்டேஷன் ஃபால்ட்டை வலிந்து உண்டாக்குவர். அவ்வேளையில் இறுதி வரியைப் படிப்பவருக்கு நினைவக வழு என்றே தோன்றும். அதற்கு முந்திய வரியில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

நினைவகம் மீறி எழுதப்பட்டதாக ஐயமிருந்தால் இவ்விரண்டும் போதா. அவை பிணம் கிடந்த இடத்தைக் காட்டும், குத்திய இடத்தைக் காட்டா. வால்கிரைண்ட் அல்லது தொகுப்பியின் முகவரிச் சோதனைக் கூறு முதல் மீறலையே பிடித்துத் தரும். நிரல் பல மடங்கு மெதுவாகும். ஆகவே நூல் முழுவதையும் ஓட்டாமல், முறிந்த பக்கத்தையும் அதற்கு முந்திய சில பக்கங்களையும் மட்டும் ஓட்ட வேண்டும். முறிந்த பக்கத்தைத் தனியே ஓட்டும்போது அது முறியவில்லை என்றால், அதுவே பெரிய துப்பு: குற்றம் அப்பக்கத்தில் இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் 'அச்சுத் தெளிவின்மையால் நீக்கப்பட்டது' என்று பக்கத்தின் மேல் பழியைப் போடுவது ஆய்வறம் ஆகாது.

புறநானூற்றின் 267, 268

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது எல்லாப் பாடல்களும் கிடைத்துவிடவில்லை. 267, 268ஆம் பாடல்கள் இன்றளவும் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வெண்கள் அழிக்கப்படவில்லை. 269ஆம் பாடல் முன்னேறி 267 ஆகவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. நூலின் பெயரோ எண்முறையோ அதற்காக மாற்றப்படவில்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டு இடம் விட்டனர். இல்லாததை இல்லாததாகவே அச்சிடுவது தமிழ்ப் பதிப்புமரபு ஈட்டிய ஒழுக்கம்.

எழுத்துணரி வழியாக உருவாகும் உரைத்தொகுப்புகள் இவ்வொழுக்கத்தை நழுவவிடுகின்றன. காரணம் தீய எண்ணம் அன்று; நிரலின் அமைப்பே அவ்வாறு தூண்டுகிறது. பைடெசராக்டு வழியே இயக்கும்போது எழுத்துணரி முறிந்தாலும் பைத்தான் பிழைத்திருந்து ஒரு பிழையை எழுப்பும். நீண்ட நேரம் ஓடும் நிரல் இடையில் நிற்கக்கூடாதென்று மாணவர் அப்பிழையைப் பிடித்து, எதுவும் செய்யாமல் அடுத்த பக்கத்துக்குச் செல்லுமாறு எழுதுகிறார். இரண்டே வரி. பக்கம் மறைந்தது; எங்கும் பதிவில்லை. டெசர்-ஓ.சி.ஆர். முரட்டுத்தனமாக முறிந்தாலும் அது முறிந்ததென்று யாவருக்கும் தெரியும். பாதுகாப்பான உறைநிரலே ஆய்வுக்குக் கேடான அமைதியைத் தர வல்லது என்பதைக் கருவிகளைத் தேர்ந்தெடுப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பல பக்கங்களை ஒரே வேளையில் ஓட்ட மல்டிபுரொசெசிங் குழுவைப் பயன்படுத்துவோர்க்கும் இதே இடர் உண்டு. பணியாள் நிரலோட்டம் ஒன்று முறிந்தால் அக்குழு புதிய பணியாளை அமர்த்திக்கொள்ளும். முறிந்தவர் கையிலிருந்த பக்கத்தின் விடை ஒருபோதும் வாராது. காத்திருந்து சலித்தவர் நிரலை நிறுத்தி, வந்தவரை எடுத்துக்கொள்கிறார். இதற்கு மாறாகக் கன்கரண்ட்-ஃபியூச்சர்ஸ் என்னும் கூறின் நிரலோட்டக் குழு, பணியாள் இறந்ததைப் பிழையாக அறிவித்துவிடும். நூற்பணிக்கு அதுவே ஏற்றது.

மறைந்த பக்கத்தால் நேரும் இழப்பு ஒரு பக்கத்தோடு நில்லாது. துல்லியம் இவ்வளவு என்று கட்டுரை கூறும் விழுக்காடு, எஞ்சிய பக்கங்களின் விழுக்காடு. நீளக்கணக்கில் தவறும் உறைநிரல் ஒகர ஓகாரம் மிகுந்த பக்கங்களில் கூடுதலாக முறியுமாயின், எஞ்சிய உரையில் அவ்வுயிர்களின் நிகழ்வெண் இயல்பைவிடக் குறையும். அவ்வுரைத்தொகுப்பைக் கொண்டு பின்னர் ஒருவர் ஒலியியல் புள்ளிவிவரம் எடுப்பார். கொல்லிமலை, கொங்கு, மோகனூர் எனத் தம் மண்ணின் பெயர்களைக் கவிஞர் எத்தனை முறை எழுதினார் என்று எண்ணுவார். கிடைக்கும் எண் கவிஞரைப் பற்றியதா, உறைநிரலைப் பற்றியதா என்று பிரித்தறிய வழியிருக்காது.

ஆதலின் எழுத்துணரி சார்ந்த கட்டுரைகளை மதிப்பிடும் நடுவர்கள் ஓர் அட்டவணையைக் கூடுதலாகக் கேட்கலாம். நூலின் மொத்தப் பக்கம், உரையாகிய பக்கம், முறிந்த பக்கங்களின் எண்கள், ஒவ்வொன்றும் தனியே ஓட்டியபோது முறிந்ததா, ஆங்கிலத் தரவுடன் முறிந்ததா, நூலகம், உறைநிரல், பைத்தான் ஆகிய மூன்றின் பதிப்பெண்கள். உரைக்கோப்பில் விடுபட்ட பக்கத்தின் எண் அப்படியே நின்று, அதன் கீழ் வெற்றிடம் இருக்க வேண்டும். முறிந்ததற்குக் காரணம் கண்டவர் அதனை நூலகத்தாருக்கும் உறைநிரல் ஆக்குநருக்கும், முறிவை உண்டாக்கும் மிகச்சிறிய தமிழ்ச் சொல் ஒன்றுடன் அறிவிக்க வேண்டும். அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் அச்சொல் ஏறிவிட்டால் அடுத்த பதிப்பு அதே இடத்தில் முறியாது. புதிய பதிப்பு வந்ததும், பட்டியலில் உள்ள பக்கங்களை மட்டும் மீண்டும் ஓட்டி வெற்றிடங்களை நிரப்பலாம். பட்டியல் இல்லாதவர் நூல் முழுவதையும் மறுபடி ஓட்ட நேரும், எப்பக்கம் விடுபட்டது என்பதை அறியவே.